வீட்டு மேசைக்கு வந்த வரலாறு

வரலாற்றை மட்டும் மூன்றாண்டு படிப்பது ஒரு வழி. இலக்கியம், தத்துவம், ஓவியம், இசை, சமயம் எல்லாவற்றோடும் அதைச் சேர்த்து, வேண்டிய பாடங்களைப் பொறுக்கியெடுத்து, வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே தன் வேகத்தில் படித்துக் கலைப் பட்டம் வாங்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் வந்தவர்களை வரலாற்றுத் துறைக்காரர்கள் கொஞ்சம் ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். நுனிப்புல் மேய்ந்தவர்கள் என்பது அவர்களுடைய எண்ணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கீழே அதைப் பேசுகிறேன். ஆனால் இந்த மாதிரிப் பட்டத்தைப் பெரிய அளவில் நடத்திக்காட்டிய பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டதால், வரலாற்றாசிரியர்கள் அதுவரை தங்களுக்குள்ளேயே வைத்திருந்த தொழில்முறையை, அதாவது ஓர் ஆவணத்தை எப்படிப் படிப்பது என்பதை, படிப்படியாக எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

அந்தப் பல்கலைக்கழகம் பிழைத்ததே பெரிய கதை. 1963-இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹரால்ட் வில்சன் கிளாஸ்கோவில் பேசும்போது, வானொலி, தொலைக்காட்சி வழியே நடக்கும் 'வான்வழிப் பல்கலைக்கழகம்' ஒன்றைப் பற்றிச் சொன்னார். பலர் அதைத் தேர்தல் கால வாணவேடிக்கை என்றே நினைத்தார்கள். அவர் பிரதமரானதும் பொறுப்பு ஜென்னி லீயிடம் போனது. ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் அவர். ஏழைகளுக்கென்று இரண்டாம் தரத்தில் ஒன்று கட்டுவதாக இருந்தால் கட்டவே வேண்டாம் என்பதில் பிடிவாதமாக நின்றார். 1969-இல் அரச சாசனம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. புதிய நிதியமைச்சர் இயன் மெக்ளியாட் இந்தத் திட்டத்தை வெறும் பிதற்றல் என்று முன்பே ஏசியவர். பதவியேற்ற சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அப்போது கல்வியமைச்சராக வந்தவர் மார்கரெட் தாட்சர். செலவைக் குறைப்பதில் பேர்போனவர்தான் என்றாலும் இதை மட்டும் விட்டுவைத்தார். 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 பேருடன் வகுப்புகள் தொடங்கின. சேருவதற்கு எந்தத் தேர்ச்சிச் சான்றிதழும் தேவைப்படவில்லை. இளைஞர்களில் பத்துக்கு ஒருவர்கூடப் பல்கலைக்கழக வாசலை மிதிக்காத காலத்தில் இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் அங்கே 'வரலாற்றுப் பட்டம்' என்றே ஒன்று கிடையாது. கணிதம் படித்தவருக்கும் இலக்கியம் படித்தவருக்கும் ஒரே பி.ஏ. தான். முதலில் அடித்தளப் பாடங்கள் இரண்டு. அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். துறையின் பெயர் தாங்கிய பட்டங்கள் பிற்காலத்தில் வந்தவை. இப்போது ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். அது 120 வீதம் மூன்று கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. பத்துக் கிரெடிட்டுக்கு நூறு மணி நேர உழைப்பு என்பது கணக்கு. முதல் கட்டத்தில் எல்லாக் கலைப் பாடங்களும் கலந்த அறிமுகம், அடுத்த இரண்டு கட்டங்களில் வரலாற்றையோ இலக்கியத்தையோ தத்துவத்தையோ முதன்மையாக வைத்துக்கொள்ளும் வசதி. பாதி நேர மாணவராக ஆறு ஆண்டுகளில் முடிப்பது வழக்கம். அதிகபட்சமாகப் பதினாறு ஆண்டுகள் வரை இழுக்கலாம். இடையில் பிள்ளை பிறந்தால், வேலை போனால், ஓராண்டு நிறுத்திவிட்டுத் திரும்பி வரலாம்.

இந்த ஏற்பாட்டில் ஆசிரியருக்குப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சாதாரணக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் முறை பெரும்பாலும் காற்றில் பரவுவது. விரிவுரையில் காதில் விழுவது, கருத்தரங்கில் பக்கத்து மாணவன் வாங்கிக்கட்டிக்கொள்வதைப் பார்ப்பது, நூலகத்தில் மூத்தவர்கள் எந்த அலமாரியை நோக்கிப் போகிறார்கள் என்று கவனிப்பது என இப்படித்தான் பிடிபடும். மூன்றாண்டு அந்தக் காற்றைச் சுவாசித்தவனுக்கு ஆதாரம் என்றால் என்னவென்று யாரும் இலக்கணம் சொல்லித்தர வேண்டியதில்லை. திறந்த பல்கலைக்கழக மாணவருக்கு இந்தக் காற்றே கிடையாது. இரவு சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிவைத்துவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து தபாலில் வந்த பாடப் புத்தகத்தைப் பிரிப்பவர் அவர். விடியற்காலையில் பிபிசி-2இல் தாடி வைத்த ஆசிரியர் ஒருவர் வந்து பேசுவார். மாணவர் எதிர்க்கேள்வி கேட்டால் பெட்டியிலிருந்து பதில் வராது. எனவே எல்லாவற்றையும் அச்சில் சொல்லிவிட வேண்டும்.

இதைச் சமாளிக்கப் பாடங்களை ஒருவரிடம் ஒப்படைக்காமல் குழுவாக உட்கார்ந்து எழுதினார்கள். வரலாற்றாசிரியர் எழுதிய வரைவை இலக்கிய ஆசிரியரும் கலை வரலாற்றாசிரியரும் பிபிசி தயாரிப்பாளரும் பதிப்பாசிரியரும் வரிக்கு வரி பிய்த்து எறிவார்கள். வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய குறிப்பை வாசித்துப் பழகிய பேராசிரியர்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். போதாக்குறைக்கு அச்சான பாடம் கடையில் விலைக்குக் கிடைத்தது. வேறு பல்கலைக்கழக ஆசிரியர்கள் அதை வாங்கித் தங்கள் வகுப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இவ்வளவு பேர் பார்வையில் சொல்லித்தரப்பட்ட வரலாறு அதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் வரலாற்றுப் பேராசிரியராக வந்தவர் ஆர்தர் மார்விக். எடின்பரோவிலிருந்து வந்தவர், முதல் உலகப் போர் பிரிட்டன் சமூகத்தை எப்படி மாற்றியது என்பதை ஆராய்ந்து பெயர் வாங்கியவர், சண்டைக்கோழி. முதல் கலை அடித்தளப் பாடத்தில் வரலாற்றுப் பகுதியின் தொடக்க அலகுகளை அவர்தான் எழுதினார். மன்னர்களிலோ புரட்சிகளிலோ அவர் தொடங்கவில்லை. வரலாறு என்றால் என்ன, மூல ஆதாரம் எது, அதை வைத்து எழுதப்பட்ட நூல் எது, வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குவார்கள் என்று தொடங்கினார். அவர் வலியுறுத்திய ஒரு பாகுபாடு பின்னாளில் பிரிட்டன் பள்ளிகள் வரை பரவியது. ஒவ்வோர் ஆவணத்திலும் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. ஒன்று, எழுதியவர் தெரிந்தே சொல்ல வந்தது. மற்றது, அவர் சொல்ல நினைக்காமலேயே, அவருக்குச் சாதாரணமாகப் பட்டதாலேயே, ஊடாக விழுந்துவிட்டது. கருத்து புதிதல்ல. தம்மையறியாமல் சாட்சி சொல்பவர்களைத்தான் வரலாற்றாசிரியன் மேலும் மேலும் நம்புகிறான் என்று பிரெஞ்சு அறிஞர் மார்க் பிளாக் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதியிருக்கிறார். மார்விக்கின் பங்கு, அதை வீட்டில் தனியே உட்கார்ந்து செய்யக்கூடிய பயிற்சியாக மாற்றியது.

அந்தப் பயிற்சி எப்படியிருக்கும் என்பதை ஓர் ஆவணத்தை எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். நான் தேர்ந்தெடுப்பது 1832-ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் பற்றிய நாடாளுமன்றக் குழுவின் விசாரணைப் பதிவு. குழுவின் தலைவர் மைக்கேல் சாட்லர். ஆலைகளில் சிறுவர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று மசோதா கொண்டுவந்தவர் அவர். அவர் முன் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் எலிசபெத் பெண்ட்லி, வயது 23, ஊர் லீட்ஸ். ஆறு வயதில் சணல் போன்ற ஆளி நாரை நூற்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நூல் நிறைந்த கண்டுகளை நூற்பு இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு வெறும் கண்டுகளை மாட்டுவது வேலை. வேலை நெருக்கடியான நாட்களில் காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை. மதியம் நாற்பது நிமிடம் இடைவேளை. காலைச் சாப்பாட்டுக்கு நேரமே கிடையாது. வேலைக்கிடையில் முடிந்தபோது வாயில் போட்டுக்கொள்வதுதான். கை சற்றுத் தளர்ந்தால் வாரடி.

இது தெரிந்தே சொன்ன சாட்சியம். இதைச் சொல்லத்தான் அவரை அழைத்துவந்தார்கள். இதை மட்டும் குறித்துக்கொண்டு போனால் 'தொழிற்புரட்சிக் காலத்தில் சிறுவர்கள் துன்புற்றார்கள்' என்ற, எல்லோருக்கும் தெரிந்த வாக்கியத்தில் போய் முடியும். இப்போது அவர் போகிற போக்கில் சொன்னவற்றைப் பாருங்கள். வீடு ஆலையிலிருந்து இரண்டு மைல். வீட்டில் கடிகாரம் இல்லை. கால் மணி நேரம் பிந்தினால் அரை மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். நேரம் தெரியாததால் அம்மா இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்துவிடுவாள். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் நடமாடும் சத்தம் கேட்டால் படுக்கையை விட்டுத் தெருவுக்குப் போய் அவர்களிடம் மணி கேட்பாள். சில நாள் மகள் இரண்டு மணிக்கே கிளம்பிப் போய், கொட்டும் மழையில் ஆலை திறக்கும்வரை காத்துக்கிடந்திருக்கிறாள்.

ஆலை மணிக்கணக்கில் ஓடுகிறது, கூலி மணிக்கணக்கில் வெட்டப்படுகிறது, ஆனால் மணி காட்டும் கருவி முதலாளியிடம் மட்டுமே இருக்கிறது. நேரம் என்பது ஒருவருக்குச் சொத்தாகவும் மற்றவருக்கு ஊகமாகவும் இருந்த நிலையை எந்தப் பொருளாதார அட்டவணையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிடாது. ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் ஒரே பகுதியில் குடியிருந்தார்கள் என்பதும், ஒரு தொழிலின் ஷிப்ட் இன்னொரு தொழிலுக்குக் கடிகாரமாக இருந்தது என்பதும், இந்த முழு ஏற்பாட்டையும் தாங்கிப் பிடித்தது கூலிப் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு தாயின் தூக்கம் என்பதும் அதே வரிகளில் கிடக்கின்றன. இன்னொரு செய்தி: நேரமில்லாமல் சாப்பிடாமல் விட்ட பெண்ட்லியின் உணவை மேற்பார்வையாளர் எடுத்துத் தன் பன்றிகளுக்குப் போட்டுவிடுவாராம். பெண்ட்லி இதைக் கொடுமைக்கு உதாரணமாகச் சொல்கிறார். நமக்கோ, நீராவி ஆலையின் பக்கத்திலேயே பன்றி வளர்ந்த, பாதி நகரமும் பாதி கிராமமுமான லீட்ஸ் தெரிகிறது.

இனிமேல்தான் கலந்த பட்டத்தின் பயன். இந்தப் பதிவை இலக்கிய வகுப்பில் பயின்றவர் படித்தால் முதலில் கேள்விகளைக் கவனிப்பார். 'தளர்ந்தால் என்ன செய்வார்கள்?' என்று கேட்கிறவருக்குப் பதில் முன்பே தெரியும். கேள்விகள் வயதிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து அடிக்கும், அடியிலிருந்து உடல் ஊனத்துக்கும் படிப்படியாக ஏறிப்போகும் விதம் திட்டமிட்ட கதையமைப்பு. பெண்ட்லியின் குரல் நமக்கு நேரடியாகக் கேட்பதில்லை. கேட்டவரின் நோக்கமும் எழுதியவரின் பேனாவும் வடிகட்டிய குரல் அது. தத்துவம் படித்தவர் வேறோர் இடத்தில் நிற்பார். சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை என்பதும் ஆலை முதலாளிகளின் தரப்பு முழுமையாகக் கேட்கப்படவில்லை என்பதும் அப்போதே எழுந்த குற்றச்சாட்டுகள். பிரமாணம் செய்யாத சாட்சியம் பொய்யாகிவிடுமா? கூலி என்பது இரு சுதந்திர மனிதர்களுக்கு இடையேயான ஒப்பந்தம் என்றால், ஆறு வயதுக் குழந்தை செய்துகொண்ட ஒப்பந்தம் எப்படிப்பட்டது? முதலாளிகள் கேட்டுக்கொண்டபடி 1833-இல் அரச ஆணையம் மறுபடி விசாரித்தது. அதன் விளைவாக வந்த சட்டம் துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது (பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு), பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதைக் கண்காணிக்க நாடு முழுமைக்கும் நான்கே ஆய்வாளர்கள். ஒருதலைப்பட்சமான ஆவணம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று சட்டம் வரை போனது எப்படி என்பது வரலாற்று மாணவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் மற்ற இருவரும் அதைக் கூர்மையாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

கலை வரலாறு படித்தவரை லீட்ஸ் நகருக்கே அழைத்துப்போகலாம். அங்கே ஹோல்பெக் பகுதியில் 1836 முதல் 1840 வரை கட்டப்பட்ட ஆளி நூற்பாலை ஒன்று இன்றும் நிற்கிறது. முகப்பைப் பார்த்தால் எகிப்தியக் கோயில். எட்ஃபூவில் உள்ள ஹோரஸ் கோயிலை நினைவூட்டும் தூண்கள். வடிவமைத்தவர் எகிப்தியலில் தேர்ந்த ஜோசப் பொனோமி. மம்மிகளைச் சுற்றிய துணி ஆளி நாரால் ஆனது. ஆகவே ஆளி ஆலைக்கு எகிப்து முகம். கூரையின் மேல் புல் வளர்த்தார்கள், நூற்கும்போது நார் அறாமலிருக்க உள்ளே ஈரப்பதம் வேண்டும் என்பதற்காக. அந்தப் புல்லை மேய ஆடுகளை விட்டார்கள். கட்டியவர் ஜான் மார்ஷல், ஊரின் மிகப் பெரிய ஆளி நூற்பு முதலாளி. பெண்ட்லி வேலை செய்தது இவருடைய ஆலையில் அல்ல, ஆனால் அதே ஊர், அதே தொழில். தூண்களின் அழகை மட்டும் பார்க்கும் கலை மாணவரும், கூலிக் கணக்கை மட்டும் பார்க்கும் வரலாற்று மாணவரும் இந்தக் கட்டடத்தின் முன் ஆளுக்குப் பாதி குருடர்கள்தாம்.

மார்ஷல் குடும்பத்துக்கு இந்தக் கதையில் இன்னொரு வேடமும் உண்டு. 1832 டிசம்பர் தேர்தலில் லீட்ஸ் நகருக்கு முதல்முறையாக இரண்டு உறுப்பினர் இடங்கள் கிடைத்தன. சாட்லர் அங்கே போட்டியிட்டுத் தோற்றார். வென்ற இருவரில் ஒருவர் மார்ஷலின் மகன். மற்றவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. ஆமாம், நம் மெக்காலேதான். ஈராண்டுக்குள் இந்தியாவுக்குக் கப்பலேறி, 1835-இல் ஆங்கிலக் கல்விக் குறிப்பை எழுதியவர். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் கல்விக்காக மட்டுமே தலைகாட்டும் அவர், சிறுவர்களின் வேலை நேரம் சூடான பேச்சாக இருந்த ஒரு தேர்தலில் சாட்லரைத் தோற்கடித்துவிட்டு வந்தவர் என்பது அந்தப் புத்தகத்தில் இருக்காது. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: 1846-இல் பத்து மணி நேர மசோதாவை ஆதரித்து அவரே நாடாளுமன்றத்தில் பேசினார்.

கலப்பதெல்லாம் இப்படிப் பலன் தரும் என்று சொல்லிவிட முடியாது. என்ன அடிப்படையில் கலக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகமே பல விதமாக முயன்று பார்த்திருக்கிறது. அறிவொளிக் காலத்திலிருந்து கற்பனாவாதம் வரை, அதாவது ஏறத்தாழ 1780 முதல் 1830 வரையிலான ஐம்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு பாடம் நடத்தினார்கள். மோட்சார்ட்டின் இசைநாடகம், பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியனை வரைந்த ஓவியங்கள், அடிமை வணிக எதிர்ப்பு, ராபர்ட் ஓவனின் நியூ லானார்க் ஆலை, கதேயின் ஃபாஸ்ட், பிரைட்டன் அரண்மனை எல்லாம் அதில் உண்டு. ஒரே காலத்து மனிதர்கள். ஒருவரை மற்றவர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒருவர் கவலை மற்றவருக்குப் புரிந்திருக்கும். இந்தக் கலவை ஒட்டும். பின்னால் வந்த ஓர் அறிமுகப் பாடத்தில் 'புகழும் பெயரும்' என்ற கருப்பொருளின் கீழ் கிளியோபாட்ராவையும் ஸ்டாலினையும் ஒன்றாக வைத்தார்கள். பெயர் எப்படிக் கட்டப்படுகிறது, எப்படிக் கெடுகிறது என்பது நல்ல கேள்விதான். என்றாலும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியை அந்த ஒற்றைச் சரடால் கட்ட முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். ஆரம்ப மாணவருக்கு இது வரலாற்றை உதிரிப் பூக்களாகக் காட்டிவிடும்.

அதே பாடத்தில் பெனின் வெண்கலச் சிற்பங்களைப் பற்றிய பகுதி இந்தக் குறைக்கு விதிவிலக்கு. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசை 1897-இல் பிரிட்டிஷ் படை தாக்கிச் சூறையாடியது. அரண்மனையிலிருந்து பெயர்த்தெடுத்தவை ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆப்பிரிக்கர்களால் இப்படிச் செய்திருக்க முடியுமா என்று அன்றைய அறிஞர்கள் எழுதியது ஒரு பக்கம், படையெடுப்பின் காரணங்கள் இன்னொரு பக்கம், சிற்பத்தின் வார்ப்பு நுட்பமும் வடிவமும் மற்றொரு பக்கம். கருப்பொருள் காற்றில் மிதக்காமல் கையில் பிடிக்கும் பொருளாக இருப்பதால் வரலாறும் கலை வரலாறும் தாமாகவே வந்து கைகோக்கின்றன.

என் கணக்கில் இந்தப் பல்கலைக்கழகம் வரலாற்றுக்குச் செய்த மிகத் துணிச்சலான காரியம் 1990-களில் நடத்திய குடும்ப, சமுதாய வரலாற்றுப் பாடம். தன் பாட்டன் எங்கிருந்து வந்தார் என்று தேடுபவர்களை வரலாற்றுத் துறைகள் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்கியிருந்த காலம். அவர்களையே கூப்பிட்டு, உங்கள் குடும்பத்தைத் தேடுங்கள், ஆனால் தேடலை ஒரு கேள்வியாக மாற்றுங்கள் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்கேட்டில் தன் தாத்தா பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அதே தெருவில் வெளியூரில் பிறந்தவர்கள் எத்தனை பேர், வேலைக்காரப் பெண்கள் எந்த வயதில் வந்தார்கள், விதவைகள் யாரோடு குடியிருந்தார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். எண்ணியதைச் சமூக அறிவியல் கோட்பாடுகளோடு ஒப்பிடச் சொன்னார்கள். தன் ஊரில் இருந்துகொண்டே, உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஆய்வு. தொலைவில் இருப்பதை இழப்பாகப் பார்க்காமல், நாடெங்கும் சிதறிக் கிடக்கும் மாணவர்களை நாடெங்கும் சிதறிக் கிடக்கும் ஆவணங்களோடு இணைத்துவிட்டார்கள். ஒரே நகரத்தில் குவிந்திருக்கும் ஆக்ஸ்போர்டால் இதைச் செய்ய முடியாது.

நுனிப்புல் புகாருக்கு இப்போது வரலாம். மூன்று இடங்களில் அது செல்லும். முதலாவது காலத் தொடர்ச்சி. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பா ஒரு பாடம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டன் ஒரு பாடம், இருபதாம் நூற்றாண்டுப் போர்கள் ஒரு பாடம் என்று தாவிப் போகிறவருக்கு நடுவில் பெரும் பள்ளங்கள் விழும். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் வரலாற்றில் பட்டம் வாங்கிவிட முடியும். முழுநேரத் துறைகளிலும் விருப்பப் பாடங்கள் பெருகிவிட்ட இன்று இந்தக் குறை அவர்களுக்கும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது மொழி. இடைக்கால வரலாற்றுக்கு லத்தீனோ, ஓட்டோமான் வரலாற்றுக்குத் துருக்கியமோ பகுதி நேரத்தில் மாலை வேளைகளில் கைவருவதில்லை. மொழிபெயர்த்துத் தொகுத்துக் கொடுத்த ஆதாரங்களோடு நின்றுவிடுவோம். மூன்றாவது இன்னும் நுட்பமானது. மேலே பெண்ட்லியின் சாட்சியத்தை நான் பிரித்துப் பார்த்தேனே, அது யாரோ தேர்ந்தெடுத்து, வெட்டி, தலைப்பிட்டுக் கொடுத்த ஆவணம். உண்மையான காப்பகத்தில் நூறு கட்டுகளைப் புரட்டினால் தொண்ணூற்றொன்பதில் ஒன்றும் இருக்காது. எது ஆதாரம் என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. பாடப் புத்தகம் அந்தப் பாதியை நமக்காக முன்பே செய்துவிடுகிறது. குடும்ப வரலாற்றுப் பாடம் அந்தப் பாதியை மாணவர் கையில் திருப்பிக் கொடுத்ததால்தான் அதைத் துணிச்சலானது என்றேன்.

இவற்றைவிடப் பெரிய அடி வெளியிலிருந்து வந்தது. ஏற்கெனவே பட்டம் உள்ளவர் அதே நிலையில் இன்னொரு பட்டம் படித்தால் அவருக்கான மானியத்தை இங்கிலாந்தில் 2008 வாக்கில் நிறுத்தினார்கள். பொறியாளராக ஓய்வு பெற்று வரலாறு படிக்க வந்தவர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டியதாயிற்று. 2012-இல் கட்டண முறையே மாறி, பல்கலைக்கழகக் கட்டணங்கள் பல மடங்கு உயர்ந்தன. பகுதி நேரம் படிப்பவர்களின் எண்ணிக்கை நாடு முழுவதும் வெகுவாகச் சரிந்தது. கடன் வாங்கித் தொழிற்கல்வி படிக்கத் துணிபவர் உண்டு. ஐம்பது வயதில் கடன் வாங்கி மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவைப் படிக்கத் துணிபவர் குறைவு. எந்த வயதிலும் எந்தப் பாடத்தையும் படிக்கலாம் என்ற ஏட்டுச் சலுகை அப்படியே இருந்தது; அதைப் பயன்படுத்தும் ஆட்கள்தான் குறைந்துபோனார்கள்.

இந்த மாதிரி நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையில் 1980-இல் திறந்த பல்கலைக்கழகம். இந்தியாவில் 1982-இல் ஐதராபாத்தில் ஆந்திர மாநிலத்தினுடையது, 1985-இல் தேசிய அளவில் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்). இரண்டையும் தொடக்கிவைத்த துணைவேந்தர் ஜி.ராம் ரெட்டி. தமிழ்நாட்டில் 2002-இல் வந்தது. அதற்கு முன் நம்மிடம் இருந்தது அஞ்சல் வழிக் கல்வி. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே தொடங்கியது. வகுப்புக் குறிப்பைத் தபாலில் அனுப்புவதுதான் அதன் உள்ளடக்கம். இக்னோ வந்தபோது மாறியது அந்தக் குறிப்பின் தரம். தேர்ந்த வரலாற்றாசிரியர்கள் குழுவாக எழுதிய அலகுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கேள்விகள், எளிய நடை. இந்த அலகுகளைக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒளிநகல் எடுத்து மனப்பாடம் செய்வது ஊரறிந்த விஷயம். இக்னோவில் ஒருநாளும் பெயர் பதியாதவர்கள் அவர்கள்.

அதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பிரிட்டன் மாதிரியில் பாதி வேலையைப் பாடப் புத்தகம் செய்தது. மீதியைச் செய்தவர், ஒவ்வொரு மாணவரின் கட்டுரையையும் வாங்கி ஓரத்தில் 'இது ஆதாரமா, உங்கள் ஊகமா?', 'இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?' என்று எழுதித் திருப்பி அனுப்பிய பகுதி நேர ஆசிரியர். பாடம் முழுவதும் இப்படிச் சில கட்டுரைகள் போய்வரும். மதிப்பெண்ணைவிட அந்த ஓரக் குறிப்புதான் பாடம். நம் ஊரில் 'ஒப்படைப்பு' என்பது பெரும்பாலும் பாடப் புத்தகத்தின் பத்திகளைக் கையால் பெயர்த்தெழுதி, தைத்து, கடைசித் தேதியில் கொண்டுபோய்க் கொடுக்கும் சடங்காகிவிட்டது. திருப்பித் தருபவர்கள் சொற்பம். விலை அதிகமான பகுதியைக் கழித்துவிட்டு மலிவான பகுதியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை நெகிழ்வை மறுபடி பேசுகிறது. முதன்மைப் பாடம் ஒன்று, துணைப் பாடம் ஒன்று, இடையில் விலகினால் சான்றிதழ் அல்லது பட்டயம், கிரெடிட்டைச் சேமித்துவைத்து வேறிடத்தில் தொடரும் வசதி. இயற்பியல் படிப்பவர் வரலாற்றைத் துணைப் பாடமாக எடுக்கலாம். விதிகளில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்த திட்டத்தின்படி, நான்காம் ஆண்டில் ஆய்வோடு கூடிய ஹானர்ஸ் பட்டத்துக்குப் போக முதல் ஆறு பருவங்களில் 75 சதவீத மதிப்பெண் வேண்டும். தன் தெருவின் மக்கள்தொகைக் கணக்கேட்டை எண்ண வந்த குமாஸ்தாவிடமும் இல்லத்தரசியிடமும் பிரிட்டன் மதிப்பெண் கேட்கவில்லை. கல்லூரி விளம்பரத்தில் 'நெகிழ்வான கலைப் பட்டம்' என்று பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், எத்தனை பாடங்களில் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: பட்டம் முடிப்பதற்குள் ஒருமுறையாவது மாணவர் தானே ஆதாரம் தேடி எழுத வேண்டியிருக்குமா? எழுதிக் கொடுத்ததை யார் படித்து, என்ன குறிப்போடு, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்?